வலக்கை நகம்

இடக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவேன்.
வலக்கையில் நாலு வளர்த்திருக்கிறேன், அரத்தாளில் தேய்த்து.
சுண்டுவிரலுக்கு வேலை இல்லை, அது சும்மா வரும்.
கோட்டைமுனைச் சலூன்காரர் கேட்டார்:
"மற்றக் கைக்கு எப்ப தம்பி சம்பளம்?"

பகலில் நான் போன் திருத்துகிறவன்.
முதலாளி மக்பூல் நானாவுக்கு இந்த நகங்களில் பெரிய சந்தோசம்,
மூடி கழற்றக் கத்தி வேண்டாம்.

படித்ததும் அந்த மேசையில்தான்.
யாரோ திருத்தத் தந்துவிட்டு
மூன்று மாதமாய் வராத போன்.
அதற்குள் ஒரே ஒரு வீடியோ:
குளிர்நாட்டு அறையொன்றில் கம்பளிச் சட்டைப் பெண்,
காலடியில் சிறு பலகை, மடியில் கிற்றார்.
அவள் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.
இடக்கையைப் பார்த்தேன், நூறு தரம், இருநூறு தரம்.
ஐந்தாம் கட்டுக்கு அவள் வரும்போதெல்லாம்
திரையின் வெடிப்பு குறுக்கே வரும்.
எந்த விரல் வைத்தாள்?
வெடிப்புக்குத்தான் தெரியும்.
நானாக மூன்றாவதை வைத்தேன்.

முதல் தந்தி அறுந்த கிழமை
கொழும்புப் பார்சல் வந்து சேரவில்லை.
நாவலடியில் தங்கூசி கேட்டுப் போனேன்,
புள்ளி ஏழு மில்லிமீற்றர்.
"எந்த மீனுக்கு மகன்?"
நான் யோசித்துக்கொண்டு நிற்க
"பாரைக்குக் காணும்" என்று அவளே வெட்டித் தந்தாள்.
இரண்டு நாள் இழுபட்டு இழுபட்டு
மூன்றாம் நாள் சுருதிக்கு வந்தது.
பரீட்சைக்கு அதோடுதான் போனேன்.

இரவு ரயிலில் கிற்றார்ப் பெட்டி என் மடியில்.
வெலிக்கந்தையில் ஏறியவர்
கேட்காமலே அதில் தலை வைத்துத் தூங்கினார்.
எழுப்ப மனம் வரவில்லை. கால் மரத்துப்போனது.

கொழும்பில், ஏசி அறையில், ஆங்கிலத்தில்:
இந்த இடத்தில் ஏன் மூன்றாம் விரல்?
போன் திரை வெடித்திருந்தது என்று சொல்ல
எனக்கு அவ்வளவு ஆங்கிலம் இல்லை.
"மை ஸ்டைல், சேர்" என்றேன்.
அவர் எழுதினார். நெடுநேரம் எழுதினார்.
வெளியே, அடுத்த முறைக்குக் காத்திருந்த பிள்ளை:
"மட்டக்களப்பா? அங்க மீன் பாடுமாமே?"
எனக்குப் பாடினதில்லை.

முதல் கூலி கல்லடி ஹொட்டலில்,
வங்கியொன்றின் ஆண்டு விருந்து.
"பின்னணிக்கு, மெதுவா" என்றார்கள்.
முதல்நாள்தான் ஒரு பழைய சம்சுங் மூடியில்
பெருவிரல் நகம் பாதியாய்ப் போயிருந்தது.
பிங்பொங் பந்தை வெட்டி, சுப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டேன்.
வெள்ளை நகம், பொம்மைக்குப்போல.

கொத்துக்கும் புரியாணிக்கும் இடையில் வாசித்தேன்.
கரண்டிகளுக்குத் தாளம் தெரியாது.
மறுகா கரண்ட் போனது.
பெட்டி செத்தது, விசிறி செத்தது,
இருட்டு விழுந்தால் எல்லாரும் ஒருமுறை வாயை மூடுவார்களே,
அது.
நான் நிறுத்தவில்லை.
ஐந்தாம் கட்டுக்கு வந்தேன். தங்கூசி நின்றது.
ஒரு குழந்தை "அங்க" என்றது,
அவ்வளவுதான் கேட்டது, வாவிப் பக்கத்து யன்னலால் காற்றும்.
நாற்பது விநாடி இருக்கும்.
பின்பக்கம் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழும்பியது,
சனம் பேசத் தொடங்கியது, புரியாணி தொடர்ந்தது.
உறையில் மூவாயிரம்.
சவுண்டுக்காரனுக்கு ஐந்நூறு போக இரண்டாயிரத்து ஐந்நூறு.

திங்கட்கிழமை அந்த போன்காரர் வந்துவிட்டார்!
சவூதியில் இருந்தாராம்.
புதுத் திரை போட்டேன்.
கொடுக்க முன், சோதிக்கிறேன் என்ற சாட்டில்
வீடியோவைத் தட்டினேன்.

இரண்டாம் விரல்.

வேறொன்றுமில்லை, வெறும் இரண்டாம் விரல்.
காசை எண்ணி லாச்சியில் போட்டேன்.

ராத்திரி இரண்டையும் வாசித்துப் பார்த்தேன்.
அவளுடையது லேசு, சந்தேகமே இல்லை.
அதற்குப் பழக ஒரு மாதமாவது பிடிக்கும்.
பெருவிரல் நகம் வளரவும் அவ்வளவுதான்.